சிறு செலவில் ஒரு சிறு வீடு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊரை விட்டு வந்து வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து வாழ்ந்தவர்கள் நாம். 11 மாதங்களுக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. அப்போதெல்லாம் நமக்கென ஒரு கூரை வேண்டும் என்ற ஆசையும் உடன் புதுப்பிக்கப்படுகிறது.

இந்த ஆசை பெரும்பாலும் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம். பல்லாண்டு சேமித்த பணத்தோடு கடனையும் சேர்த்து, சொந்த ஊரில் மாடியோடு கூடிய பெரிய வீடு ஒன்று எழுப்பப்படுகிறது. புதுமனை புகுவிழாவுக்குச் சுற்றத்தார் அனைவரும் வருகின்றனர். மறுவாரம் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு உரியவர் பணியிடத்துக்குத் திரும்புகிறார். அதன்பின் பொங்கலுக்கு ஒருமுறை, குலதெய்வ வழிபாட்டுக்கு ஒருமுறை எனக் கதவு திறக்கப்படுகிறது. மற்ற நாட்களில் அவ்வீட்டில் குடியிருப்பது கறையானும் வௌவாலுந்தான். தவணைத் தொகை மட்டும் மாதந் தவறாமல் கழிகிறது.

நாங்களும் அவ்வழியிலேயே செல்ல இருந்தோம். பெங்களூரின் கிழக்குப் பகுதியில், ஜீவனஹள்ளியில், மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம் எங்களுடையது. கணவனும் மனைவியும், கல்லூரியில் சேரவிருக்கும் மகளும், முதிய தாயாருமாக நால்வர். தாயாருக்கு முழங்கால் வலி. படி இறங்குவது அரிதாகிவிட்டமையால், மண்ணை மிதித்துப் பல மாதங்கள் ஆயின என்று அவர் ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியைச் சொல்வது போலத்தான் சொன்னார். அன்றுதான் நாங்கள் வரைந்து வைத்திருந்த பெரிய வீட்டின் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அது கட்டி முடிவதற்குள் தாயாரின் காலம் கடந்துவிடலாம். கடன் தீர்வதற்குள் எங்கள் பணிக்காலமே முடிந்துவிடும். மகளின் படிப்புக்கென ஒதுக்கிய தொகையையும் அது விழுங்கிவிடும். படத்தை மடித்து வைத்துவிட்டோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சூளகிரிக்கு அப்பால், பெற்றோர் வழியில் எங்களுக்கு வந்த 30 சென்ட் புன்செய் நிலம் உண்டு. ஓசூர் வழியே பேருந்தில் சென்றால் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். அங்கே ஒரே அறையுள்ள ஒரு குடில் கட்டுவது, 4 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடுவதில்லை, கடன் வாங்குவதில்லை, மகளின் படிப்புப் பணத்தைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். அந்த உறுதியில் எவ்வளவு நிறைவேறியது, எது தவறியது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சிறு வீடு என்றால் ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் பேரறிஞர் பலர் விரும்பியே சிறு வீட்டில் வாழ்ந்தனர். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கன்கார்டு ஊருக்கு அருகே, வால்டன் என்னும் குளக்கரையில், 15 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரு மரக் குடிலைத் தம் கையாலேயே கட்டினார். நிலம் அவருடையதன்று, நண்பர் எமர்சனுடையது. செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணி, சுண்ணாம்பு, கீல் வரையில் கணக்கெழுதி, பின்னர் 1854இல் தாம் வெளியிட்ட நூலில் அப்பட்டியலை அப்படியே அச்சிட்டார். அதில் நாம் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவரின் பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பலகை சேர்த்தார். சன்னல்களும் பழையவை, ஆயிரம் செங்கல்லும் பழையவையே. அவர் மலிவான பொருளை வாங்கவில்லை. நல்ல பொருளைப் பழையதாக வாங்கினார். இரண்டுக்கும் வேற்றுமை பெரிது.

நம் நாட்டில் காந்தியடிகள் 1936ஆம் ஆண்டில் வார்தாவுக்கு அருகிலுள்ள சிற்றூருக்குக் குடிபெயர்ந்தபோது, அவ்வட்டாரத்து மண்ணும் மூங்கிலும் ஓடும் கொண்டே குடில்கள் எழுந்தன. அவ்வூரே பின்னர் சேவாகிராமம் எனப் பெயர் பெற்றது. நாட்டின் விதியைப் பற்றிய பேச்சுக்கள் நடந்த அந்த மண் சுவர்களை இன்றும் சென்று காணலாம். சுற்றிலும் ஐந்து மைல் எல்லைக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தே தம் தொழிலுக்கு வழிகாட்டியாயிற்று என்று கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கூறி வந்தார். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007இல் அங்கேயே மறைந்த பெரியவர் அவர். எளியோரும் கட்டக்கூடிய வீடுகளுக்கென்றே தம் ஆயுளைச் செலவிட்டார்.

இனி எங்கள் பணிக்கு வருவோம். முதற்பணி மண்ணிலன்று, காகிதத்தில் நடந்தது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகிய நான்கையும் சேர்த்து எல்லைக் கற்களை அளந்து பார்த்தோம். ஒரு பக்கத்து வரப்பு எங்கள் நிலத்துக்குள் மூன்றடி நகர்ந்திருந்தது. அண்டை நிலத்துக்காரரோடு அமர்ந்து பேசி, அவர் கிணற்றுக்குச் செல்லும் வழியை விட்டுக்கொடுத்து, எல்லையைச் சரி செய்துகொண்டோம். வேளாண் நிலத்தில் எவ்வளவு பகுதியில் எத்தகைய கட்டடம் எழுப்பலாம் என்பது மாநிலந்தோறும் மாறுபடும். ஊராட்சி மன்றத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டறியாமல் ஒரு கல்லையும் இறக்கலாகாது.

நீங்கள் குடியிருக்கும் மாநிலத்திலேயே நிலம் வாங்க விரும்பினால் அம்மாநிலத்துச் சட்டத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தில் 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், வேளாண்மை செய்யாதார் வேளாண் நிலம் வாங்குவதைத் தடுத்திருந்தது. 2020இல் செய்யப்பட்ட திருத்தம் அத்தடையை நீக்கியது. ஆயினும் பட்டியல் வகுப்பினருக்கு அரசு வழங்கிய நிலங்களைக் கைமாற்றுவதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. ‘பஹணி’ என்று கன்னடத்தில் வழங்கும் உரிமைப் பதிவேட்டை முன்பின்னாகப் பல ஆண்டுகளுக்குப் பார்க்காமல் முன்பணம் கொடுத்தவர்கள் பின்னர் நீதிமன்றப் படியேறியதுண்டு. எங்களைப் போல் மத்திய அரசுப் பணியில் இருப்போர், அசையாச் சொத்து வாங்குவதை 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி முன்னதாக அலுவலகத்துக்கு அறிவிக்கவும் கடமைப்பட்டவர்கள்.

அடுத்து அளவு. சிக்கனம் என்பது சிமெண்டைக் குறைப்பதில் இல்லை. வீட்டைக் குறைப்பதில் இருக்கிறது. இதை உணர எங்களுக்கு நான்கு வரைபடங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றை அடித்தோம். தனிச் சமையலறை போயிற்று. அறையின் ஒரு மூலையில் மேடை போதும் என்றாயிற்று. விருந்தினர் அறை போயிற்று. விருந்தினர் வந்தால் பாய் விரிக்கலாம். மாடிப்படி போயிற்று, மாடியே இல்லை. இறுதியில் உள்ளளவு 16 அடி நீளம், 12 அடி அகலம், அதாவது 192 சதுர அடியில் ஓர் அறையும், முன்புறத்தில் ஒரு திண்ணையும், சற்றுத் தள்ளிக் கழிப்பறையும் எஞ்சின. திண்ணையையும் அடிக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தாயார் அதற்கு மட்டும் இசையவில்லை. பின்னர் அவர் செய்ததே சரியென்று கண்டோம்.

சுவருக்கு என்ன செய்வது என்று ஆராய்ந்தபோது, விடை நாங்கள் குடியிருக்கும் நகரத்திலேயே இருந்தது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974ஆம் ஆண்டு, பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டியின் தலைமையில், ‘அஸ்த்ரா’ என்ற பெயரில் ஒரு குழு அமைந்தது. அறிவியலின் பயன் சிற்றூர்களுக்குச் செல்ல வேண்டும் என்பது அக்குழுவின் குறிக்கோள். தும்கூர் மாவட்டத்து உங்க்ரா என்னும் கிராமத்தில் அது தன் களப்பணி நிலையத்தை அமைத்தது. புகையில்லா அடுப்பு, சாண எரிவாயு ஆகியவற்றோடு, பேராசிரியர் ஜகதீஷ் முதலியோர் மண் வீட்டைப் பற்றியும் ஆராய்ந்தனர். மண்ணோடு சிறிது சிமெண்டைக் கலந்து, கையால் இயக்கும் பொறியில் அழுத்தி, சூளையில் சுடாமலேயே உறுதியான கல்லாக்கலாம் என்று காட்டினர். சுடுவதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டாமையால், சுட்ட செங்கல்லோடு ஒப்பிடுகையில் எரிசக்தியில் நூற்றுக்கு 60 முதல் 70 வரை மிச்சமாகிறது என்று அவர்களுடைய ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இத்தகைய கற்களுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் தர விதியும் உண்டு. அவ்விதி 2013இல் திருத்தி அமைக்கப்பட்டது. இக்கல்லால் கட்டிய வீடுகள் பெங்களூரில் பல உள்ளன.

இது மண் குடிசையன்றோ, மழையில் கரையாதோ என்று சுற்றத்தார் கேட்டனர். அந்த ஐயம் நியாயமானதே. எல்லா மண்ணும் இதற்கு உதவாது. மணற்பாங்கு மிகுந்து, களி குறைந்த செம்மண்ணே ஏற்றது. அதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும்; வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும்; களி மறுநாள் வரை தாமதித்து மேலே படியும். மூன்று அடுக்கின் உயரத்தையும் அளந்தால் மண்ணின் தன்மை விளங்கும். மணல் ஏறத்தாழ நூற்றுக்கு 65 முதல் 70 வரையும், களி 10 முதல் 15 வரையும் இருப்பது நலம். களி மிகுந்தால் மணலோ கல் உடைக்கும் ஆலையின் துகளோ சேர்த்துச் சரிசெய்யலாம். கிருஷ்ணகிரி கருங்கல்லுக்குப் பெயர்பெற்ற மாவட்டமாதலால் துகளுக்கு அங்கே பஞ்சமில்லை. கரிசல் மண்ணோ நீரில் உப்பிக் காய்கையில் வெடிக்கும். அதைச் சிமெண்டு மட்டும் கொண்டு கட்டுப்படுத்த முடியாது.

எங்கள் சீசா நல்ல விடையே கொடுத்தது. ஆனால் சோதனையில் தேறிய நாங்கள் செயலில் தவறினோம். சித்திரை மாத விடுமுறையில் பொறியை வாடகைக்கு எடுத்து வந்து, கூலியாள் இருவரோடு நாங்களே கல் அறுக்கத் தொடங்கினோம். நான்கு நாட்களில் 300 கற்கள். வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது உண்டான பெருமைக்கு அளவில்லை. விடுமுறை முடிந்து ஜீவனஹள்ளிக்குத் திரும்பிவிட்டோம். மூன்று வாரங்கள் கழித்துச் சென்று ஒரு கல்லைத் தூக்கியபோது அதன் மூலை கையோடு வந்தது. வேறொன்றைத் தட்டினால் பொடியாக உதிர்ந்தது. வேர்களும் மக்கிய இலையும் கலந்த மேல்மண்ணை நீக்காமல் பயன்படுத்தியது ஒரு தவறு. வெயிலில் கிடந்த கல்லுக்கு நீர் தெளிக்க ஆளில்லாமல் விட்டது அதனினும் பெரிய தவறு. சிமெண்டு இறுகுவது காய்வதனால் அன்று. ஈரத்தினால்தான் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். படித்ததைப் பின்பற்றவில்லை. அந்த 300 கல்லும் பாதைக்கு நிரப்பும் மண்ணாயின.

அதன்பின் ஒரு மேஸ்திரியைத் தேடினோம். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர். பெங்களூரில் முப்பது ஆண்டுகளாகக் கட்டட வேலை செய்பவர். உதிர்ந்த கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, கல்லைப் பெற்றுவிட்டுப் பால் கொடுக்காமல் போய்விட்டீர்கள்” என்றார். அவர் சொற்படி, மேல்மண்ணை ஓரடி ஆழம் நீக்கித் தனியே குவித்தோம். அது பின்னர் தோட்டத்துக்கு உதவிற்று. கடைக்கால், கழிவுக் குழி, நீர்த்தொட்டி ஆகியவற்றுக்குத் தோண்டிய அடிமண்ணே சுவருக்குப் போதுமானதாயிற்று. எடையில் நூற்றுக்கு 7 பங்கு சிமெண்டு சேர்த்தோம். 230 மில்லிமீட்டர் நீளம், 190 அகலம், 100 உயரம் உள்ள கல். ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு ஏறத்தாழ 90 கல் கிடைத்தன. மொத்தம் 2,300 கற்கள். ஆறு பேர் சேர்ந்து நாளொன்றுக்கு நானூறுக்குக் குறையாமல் அறுத்தனர். கற்களின்மேல் வைக்கோலைப் பரப்பி, நாள்தோறும் காலையும் மாலையும் நீர் தெளித்து, 28 நாட்கள் ஈரம் காத்தோம். அப்பொறுப்பை அண்டை நிலத்து அம்மையார் ஏற்றுக்கொண்டார். ஒரு கல்லை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, காலையில் அது கரையாமல் நின்றதைக் கண்ட பிறகே சுவரெடுக்க மேஸ்திரி இசைந்தார்.

கூரையின் கதை ஜீவனஹள்ளியில் தொடங்குகிறது. எங்கள் பகுதியிலும் அடுத்துள்ள காக்ஸ் டவுனிலும் பழைய ஓட்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழுகின்றன. இடிக்கும்போது தேக்குக் கதவும், சன்னலும், உத்தரமும், கைமரமும், மங்களூர் ஓடும் வண்டி வண்டியாக வெளியேறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்தோம். அவை எங்களுக்கு உதவும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. தோரோவின் பட்டியல் நினைவுக்கு வந்தது. வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் பேசி, ஒரு கதவும், மூன்று சன்னலும், கூரைக்கு வேண்டிய மரமும், 650 ஓடும் வாங்கினோம். 1865ஆம் ஆண்டில் பாஸல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழிவந்த ஓடுகள் அவை. பலவற்றில் தொழிற்சாலையின் முத்திரை இன்னும் தெளிவாக இருந்தது. ஒவ்வோர் ஓட்டையும் விரலால் சுண்டிப் பார்த்து, மணியோசை எழுப்பியதை மட்டும் எடுத்துக்கொண்டோம். மரத்தில் கறையான் வழி உள்ளதா என்று உளியால் குத்திப் பார்த்தோம். கதவின் அளவுக்கு ஏற்பச் சுவரில் வாயில் விட்டோமேயன்றி, வாயிலின் அளவுக்குக் கதவு தேடவில்லை. பழைய பொருளைக் கொண்டு கட்டுவோர் பொருளை முதலில் வாங்கிவிட்டுப் பின்னரே வரைபடத்தை முடிக்க வேண்டும்.

எங்கள் நிலத்துக்குப் பொருந்தியது உங்கள் நிலத்துக்கும் பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல செங்கல் எளிதில் கிடைக்கும் இடங்களில் பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறை உதவும். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது அம்முறை. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கான்கிரீட் கூரை வேண்டுவோர், கான்கிரீட்டுக்கு வேலையில்லாத கீழ்ப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் எடையையும் குறைக்கலாம். அதையும் அவரே பரவச் செய்தார். அசாமில் 1897ஆம் ஆண்டுப் பெரு நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வீட்டு முறை வேறு. மரச் சட்டங்களுக்கு இடையே நாணலைப் பின்னி, அதன்மேல் மண்ணும் சுண்ணாம்பும் பூசிய எடை குறைந்த சுவர்கள் அவை. நிலம் அசைந்தாலும் ஆளை நசுக்குவதில்லை. நீங்கள் வாழும் மாநிலத்தில் நூறாண்டு நின்ற எளிய வீடு எதுவென்று முதலில் பாருங்கள். அதைக் கட்டியவர் அவ்வூரின் மழையையும் மண்ணையும் நம்மைவிட நன்கு அறிந்தவர்.

சிக்கனம் கூடாத இடங்கள் நான்கு உண்டு. முதலாவது, கடைக்கால். கெட்டியான அடித்தளம் தட்டும் வரை தோண்டிக் கருங்கல்லால் கட்டினோம். தரைக்கு மேலும் இரண்டடி உயரம் கல்லே. தெறிக்கும் மழைநீர் மண் கல்லைத் தொடக் கூடாது என்பது அதன் காரணம். இரண்டாவது, கூரையின் இறவாரம். சுவரைத் தாண்டி நான்கு பக்கமும் இரண்டரை அடி நீளுமாறு விட்டோம். அதனால் வெளிச்சுவருக்குப் பூச்சு தேவைப்படவில்லை. இறவாரத்துக்குச் செலவிட்டது பூச்சில் மிச்சமாயிற்று. மூன்றாவது, கழிப்பறை. இரண்டு கசிவுக் குழிகள் அமைத்து, ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்குக் குழாயைத் திருப்பும் முறையைக் கையாண்டோம். நிரம்பிய குழி மூடிக் கிடந்து, காலப்போக்கில் எருவாகிவிடும். அண்டை நிலத்துக் கிணற்றிலிருந்து போதிய தொலைவு தள்ளியே குழிகளைத் தோண்டினோம்.

நான்காவது, நீர். ஆழ்துளைக் கிணறு தோண்டினால் எங்கள் சேமிப்பு முழுவதும் அந்தத் துளைக்குள்ளேயே சென்றுவிடும். நீர் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. எனவே கூரையையே கிணறாகக் கொண்டோம். நூறு சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறத்தாழ 235 லிட்டர் நீர் விழும். எங்கள் கூரையின் பரப்பு இறவாரத்தோடு சேர்த்து 416 சதுர அடி. ஆண்டுக்கு 24 அங்குலம் மழை பெய்தாலும் 23,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு வீணாயினும் 18,000 லிட்டர் எஞ்சும். 7,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றைக் கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு தரைக்குள் கட்டினோம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்றிவிட்டு, மணலும் கரியும் இட்ட வடிகட்டி வழியே நீரைத் தொட்டிக்குள் விடுகிறோம். குடிநீரைக் காய்ச்சியே பருகுகிறோம்.

இனிக் கணக்கு. விலைவாசி ஆண்டுக்காண்டு மாறுமாதலால், நூறு ரூபாயில் எங்கே எவ்வளவு சென்றது என்று சொல்வதே பயன்தரும். கடைக்காலுக்கும் அடித்தளத்துக்கும் 19, சுவருக்கு 24, கூரைக்கு 25, கதவு சன்னலுக்கு 6, தரைக்கு 6, கழிப்பறைக்கும் குழிகளுக்கும் 10, நீர்த்தொட்டிக்கு 8. எஞ்சிய 2 ரூபாய், உதிர்ந்துபோன 300 கல்லுக்கும் அதனால் கூடுதலாக நேர்ந்த வண்டிச் சத்தத்துக்கும் சென்றது. இதில் கூலி அனைத்தும் அடக்கம். மொத்தச் செலவு 4 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். வரையறுத்த தொகையைவிட நூற்றுக்குப் பத்து மிகுதி. கடன் வாங்கவில்லை, மகளின் படிப்புப் பணத்தைத் தொடவில்லை. ஆனால் அந்த ஆண்டு தீபாவளிக்கு எவருக்கும் புத்தாடை இல்லை. வேலியும் மின் இணைப்பும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டன. ஒரு சூரிய விளக்கே இரவுக்கு வெளிச்சம். எனவே புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு சொல்: மனத்தில் கொண்ட தொகையில் பத்தில் ஒரு பங்கை வெளியே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதற்கே வீட்டை வரையுங்கள். தவறு செய்யமாட்டோம் என்று எண்ணுவதைவிட, செய்யப்போகும் தவறுக்குப் பணம் ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

குறைகளும் உள. ஓட்டுக் கூரையில் குரங்கு தாவினால் ஓடு நகர்கிறது. மழைக்காலம் தொடங்குமுன் ஒருமுறை ஏறிச் சரிசெய்ய வேண்டும். நண்பகலில் கூரைக்கடியில் வெப்பம் தெரிகிறது. மூங்கிற் பாயால் உட்கூரை அமைக்க எண்ணியுள்ளோம். வீட்டைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர், இதற்கா இத்தனை பாடு என்று வெளிப்படையாகவே கேட்டார். அவர் ஊரில் கட்டிய வீடு எங்களுடையதைவிடப் பன்மடங்கு பெரியது. அது பூட்டிக் கிடக்கிறது என்பதை அவருக்கு நாங்கள் நினைவூட்டவில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் அங்கே செல்கிறோம். தாயாரைப் படியிறக்குவது இன்னும் கடினந்தான். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குகிறார். ஆனால் சூளகிரிப் பேருந்துக்குப் புறப்படும் நாளில் அவரே எல்லோருக்கும் முன்பாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாயிலில் அமர்ந்திருக்கிறார். நிலத்தை அடைந்ததும் முதல் வேலையாக அச்செருப்பைக் கழற்றிவிடுகிறார். மாலையில் அண்டை நிலத்து அம்மையாரும், வேலை முடித்துச் செல்லும் பெண்களும் திண்ணையில் வந்து அமர்கின்றனர். தாயார் அறிந்த தெலுங்கு கொஞ்சம். அவர்கள் பேசும் தமிழில் தெலுங்கும் கன்னடமும் கலந்திருக்கும். ஆயினும் இருட்டும் வரை பேச்சு நிற்பதில்லை. அடுத்த மழைக்குமுன் திண்ணையை இரண்டடி நீட்ட வேண்டும் என்று தாயார் சொல்லியிருக்கிறார். அதற்கு வேண்டிய கல் 120. மண் அங்கேயே இருக்கிறது. இம்முறை 28 நாட்களும் நீர் தெளிப்பதற்கு ஆளை ஏற்பாடு செய்துவிட்டே தொடங்குவோம்.